வட்டாரப் பெருக்கியைக் கணக்கிடும் முறைகள்: போடிநாயக்கனூர்ப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு பாடம்

ஒரு சாலையோ, இருப்புப்பாதையோ, கூட்டுறவு விற்பனைக் கூடமோ அமைப்பதற்குத் திட்டம் வகுக்கப்படும்போது, அதனால் வட்டாரத்திற்கு விளையும் நன்மை இவ்வளவு என்று அறிக்கையில் எழுதப்படுவது வழக்கம். நேரடியாகச் செலவாகும் தொகை ஒரு கோடி ரூபாயாக இருக்க, வட்டாரத்தின் வருமானம் இரண்டு கோடி பெருகும் என்றும், சில அறிக்கைகளில் மூன்று கோடி பெருகும் என்றும் காட்டப்படுவதுண்டு. இந்த அதிகப்படியான தொகை எவ்வாறு வந்தது? ஓர் அறிக்கை இரண்டு மடங்கு என்றும், மற்றோர் அறிக்கை மூன்று மடங்கு என்றும் கூறுவானேன்?

இவ்வினாக்கள் பொருளாதார நூலாருக்கு மட்டுமே உரியவை என்று அங்கத்தினர்கள் ஒதுக்கிவிடலாகாது. சங்கத்தின் பங்கு மூலதனத்தையும் சேமநிதியையும் ஒரு புது முயற்சியில் இடலாமா என்று பொதுக்குழு தீர்மானிக்கும்போது, இத்தகைய மடங்குக் கணக்குகளே நம் முன் வைக்கப்படுகின்றன. கணக்கு எம்முறையில் போடப்பட்டது என்று கேட்கத் தெரியாத அங்கத்தினர், பிறர் சொல்லும் எண்ணுக்குக் கையுயர்த்த நேரிடும். ஆதலின், வழக்கிலுள்ள நான்கு முறைகளையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் எங்கே துணை செய்யும், எங்கே ஏமாற்றும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பெருக்கி என்பது யாது?

வாய்க்காலில் விட்ட நீர் முழுவதும் கடைமடையை அடைவதில்லை. வழியில் ஒரு பகுதி மண்ணில் சுவறுகிறது. ஒரு பகுதி உடைப்பில் போகிறது. எஞ்சியது அடுத்த வயலுக்குப் பாய்கிறது. வெளியூரிலிருந்து ஒரு வட்டாரத்திற்கு வரும் பணமும் அத்தகையதே. கூலியாக 100 ரூபாய் பெற்றவர் அதில் ஒரு பங்கைச் சேமிக்கிறார் அல்லது கடனுக்குக் கட்டுகிறார். ஒரு பங்கு வெளியூர்ப் பொருள்களுக்காக வெளியே சென்றுவிடுகிறது. எஞ்சிய பங்கே உள்ளூரில் மற்றொருவருக்கு வருமானமாகிறது. அவரும் அவ்வாறே செலவிட, மூன்றாம் கைக்கு இன்னும் சிறிய தொகை சேருகிறது.

ஒவ்வொரு கையிலும் 100க்கு 30 ரூபாய் உள்ளூரில் தங்குவதாகக் கொள்வோம். முதற் சுற்றில் 100. இரண்டாம் சுற்றில் 30. மூன்றாம் சுற்றில் 9. நான்காம் சுற்றில் 2 ரூபாய் 70 காசு. இவ்வாறு கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் ஏறக்குறைய 143 ரூபாயில் வந்து நிற்கும். வட்டாரப் பெருக்கி 1.43 ஆகும். தங்கும் பங்கு 50 ஆனால் பெருக்கி 2. தங்கும் பங்கு 10 ஆனால் பெருக்கி 1.11 மட்டுமே.

இக்கருத்தை 1931ஆம் ஆண்டில் ஆர். எப். கான் என்னும் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் முறைப்படி எழுதினார். 1936இல் வெளியான கீன்ஸின் நூல் இதனை உலகறியச் செய்தது. அவர்கள் எண்ணியது ஒரு முழு நாட்டைப் பற்றி. நாட்டில் கசிவு குறைவு. ஒரு சிறு வட்டாரத்திலோ கசிவு மிகுதி. வட்டாரப் பெருக்கியைக் கணக்கிடுவது என்பது பெரும்பாலும் கசிவைக் கணக்கிடுவதேயாகும். இதனை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

போடிநாயக்கனூரின் பண ஓட்டம்

எடுத்துக்காட்டாகக் கொள்ள நம் பகுதியை விடச் சிறந்த இடம் அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் போடிநாயக்கனூர் இருக்கிறது. 1996ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊருக்கு மேலே போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலமலைகள். 1956இல் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தைச் சேர்ந்தன. ஆயினும் மலைக்கும் அடிவாரத்திற்கும் இடையே இருந்த தொழில் உறவு அறுபடவில்லை.

காய் பறிக்கும் பருவத்தில் போடி, கம்பம் பகுதிகளைச் சேர்ந்த பெண்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறித் தோட்டங்களில் வேலை செய்து மாலையில் திரும்புகிறார்கள். பறித்த பச்சைக் காய் உலர்த்தும் கூடத்தில் காய்ந்து, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடையாகக் குறைகிறது. பின்பு அது சல்லடையிட்டுப் பருமன் வாரியாகவும் நிறம் வாரியாகவும் தரம் பிரிக்கப்படுகிறது. நறுமணப்பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும், மலைமேல் புற்றடியிலும் ஏல விற்பனை நடைபெறுகிறது. வாங்குவோர் வட இந்திய நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்புகின்றனர்.

இவ்வாறு வெளியிலிருந்து வரும் பணத்தில் தோட்டக்காரர், கூலியாள், ஜீப் ஓட்டி, சாக்கு விற்பவர், தரம் பிரிப்பவர், தரகர், உணவுக்கடைக்காரர் ஆகிய பலருக்கும் பங்கு உண்டு. இவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எடுக்கும் துணியில் ஒரு பகுதி கைத்தறித் துணியாக இருப்பின், ஆண்டிபட்டிப் பக்கத்து நெசவாளருக்கும் ஏலக்காயின் வருமானம் சென்று சேருகிறது. விளைவிப்போரும் நெய்வோரும் ஒரே இதழைப் படிப்பதற்குப் பொருளியல் காரணமும் உண்டு.

இனி முறைகளைப் பார்ப்போம். கீழே வரும் வட்டாரக் கணக்குகளில் உள்ள தொகைகள் பாடத்திற்காக வைத்துக்கொண்டவை, அளந்தறிந்தவை அல்ல.

முதல் முறை: அடிப்படைத் தொழில் முறை

ஓர் ஊரின் தொழில்களை இரண்டாகப் பிரிக்கலாம். வெளியூருக்கு விற்றுப் பணம் கொண்டுவருபவை அடிப்படைத் தொழில்கள். ஊராருக்கே ஊழியம் செய்து பிழைப்பவை சார்புத் தொழில்கள். மொத்த உழைப்பாளரை அடிப்படைத் தொழிலின் உழைப்பாளரால் வகுத்தால் கிடைப்பது பெருக்கி. அமெரிக்காவில் 1930களில் ஹோமர் ஹாயிட் இம்முறையை வளர்த்தார்.

அடிப்படைத் தொழில் எதுவென்று எவ்வாறு அறிவது? ஒரு தொழிலில் இவ்வட்டாரத்து உழைப்பாளரில் நூற்றுக்கு எத்தனை பேர், மாநிலம் முழுவதும் நூற்றுக்கு எத்தனை பேர் என்று ஒப்பிடுகிறார்கள். வட்டாரத்தில் 20,000 உழைப்பாளர் இருப்பதாகவும், அவர்களில் 3,000 பேர், அதாவது நூற்றுக்கு 15 பேர், நறுமணப்பொருள் தொழிலில் இருப்பதாகவும் கொள்வோம். மாநிலத்தில் அது நூற்றுக்கு 1 ஆயின், ஊரின் சொந்தத் தேவைக்கு 200 பேர் போதும். மீதி 2,800 பேர் வெளியூருக்காக உழைக்கிறார்கள் என்பது கணக்கு. எல்லாத் தொழில்களிலும் இவ்வாறு மிகுதியைக் கூட்டினால் 8,000 வருவதாக வைத்துக்கொண்டால், பெருக்கி 20,000ஐ 8,000ஆல் வகுக்கக் கிடைக்கும் 2.5.

இம்முறை எளிது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூலும் ஒரு தாளும் போதும். ஆனால் இதில் இரண்டு பெருங்குறைகள் உண்டு.

முதற்குறை, ஒரே பொருள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் இம்முறை காணாது. வட்டாரத்தில் நூற்றுக்கு 2 பேர் நெசவாளர், மாநிலத்திலும் நூற்றுக்கு 2 பேர் என்றால், 'இங்கு நெய்வது இங்கேயே உடுக்கப்படுகிறது. வரவும் இல்லை, போக்கும் இல்லை' என்று கணக்கு கூறிவிடும். உண்மையில் நாம் நெய்த சேலை வெளியூர்க் கடைக்குப் போகிறது. நம்மூர்க் கடையில் சூரத்துத் துணி விற்கிறது. வெளியே விற்கும் நெசவாளர் அனைவரும் சார்புத் தொழிலாராக எண்ணப்பட்டுவிடுகின்றனர்.

இரண்டாங்குறை நம் பகுதிக்கே உரியது. மலையேறிக் காய் பறித்துத் திரும்பும் பெண், கணக்கெடுப்பில் தாம் குடியிருக்கும் ஊரின் வேளாண் தொழிலாளராகவே பதிவாகிறார். வேளாண் தொழிலாளர் எல்லா மாவட்டங்களிலும் மிகுதியாக உள்ளனர். ஆகவே விகிதத்தில் மிகுதி எதுவும் தோன்றாது. ஆனால் அவருடைய கூலி முழுவதும் வெளியிலிருந்து வரும் பணமாகும்.

இவ்விரு வகையிலும் மறைந்துபோனவர் 2,000 பேர் என்று கொண்டால், அடிப்படைத் தொழிலார் 10,000 ஆவர், பெருக்கி 2.5லிருந்து 2ஆகக் குறையும். இம்முறையில் வரும் எண் பெரும்பாலும் உண்மையை மிஞ்சியே நிற்கும் என்பதை அங்கத்தினர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். இக்குறைகளை நீக்க 1960இல் உல்மன், டேசி என்னும் இருவர், மாநில விகிதத்திற்குப் பதிலாக ஒத்த அளவுள்ள ஊர்களில் காணப்படும் மிகக் குறைந்த விகிதத்தையே ஊரின் சொந்தத் தேவையாகக் கொண்டனர். அதனாலும் மலையேறும் கூலியாளின் சிக்கல் தீர்வதில்லை.

இரண்டாம் முறை: சுற்றுக் கணக்கு முறை

உழைப்பாளரை எண்ணுவதை விட்டு, பணத்தைப் பின்தொடர்வது இரண்டாம் முறை. குடும்பங்களின் வரவு செலவைக் கேட்டறிந்து, 100 ரூபாயில் உள்ளூரில் தங்குவது எவ்வளவு என்று கண்டு, முன்பு காட்டியவாறு சுற்றுச் சுற்றாகக் கூட்டுவது.

இதில் தவறு நேரும் இடம் ஒன்றே. கடை ஊரில் இருப்பதனால் பணமும் ஊரில் இருப்பதாக எண்ணிவிடுகிறோம். ஒரு குடும்பம் 100 ரூபாயில் 75 ரூபாயைப் போடிக் கடைகளில் செலவிடுகிறது என்று கொள்வோம். அந்த 75 ரூபாயும் தங்கிற்று என்று எழுதினால் பெருக்கி 4 ஆகிவிடும். ஆனால் கடைக்காரர் அரிசிக்கும், எண்ணெய்க்கும், துணிக்கும், மருந்துக்கும் வெளியூர் வாணிகருக்குக் கட்டும் பணத்தைக் கழித்து, அவருடைய ஆதாயமும், கடைச் சிப்பந்தியின் சம்பளமும், உள்ளூர்ச் சரக்கின் விலையும் மட்டும் எண்ணினால், தங்குவது 30 ரூபாயாகவே இருக்கலாம். அப்போது பெருக்கி 1.43. ஒரே குடும்பம், ஒரே செலவு. விடை மட்டும் 4 என்றும் 1.43 என்றும் வேறுபடுகிறது. மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று முழங்கும் அறிக்கைகளில் முதலில் தேடவேண்டிய பிழை இதுவே.

துணியை வைத்து இதனைத் தெளியலாம். 1,000 ரூபாய்க்கு வெளியூர் ஆலைச் சேலை ஒன்றை வாங்கினால், கடைக்காரரின் 200 ரூபாய் ஆதாயமே வட்டாரத்தில் தங்குவதாகக் கொள்வோம். அதே விலையில் நம் சங்கத்துக் கைத்தறிச் சேலையை வாங்கினால், நூலுக்கும் சாயத்திற்கும் 400 ரூபாய் வெளியே போய், பாவு ஓட்டுவோர், பசையிடுவோர், நெய்வோர், சங்கச் சிப்பந்தி ஆகியோருக்கு 600 ரூபாய் நிற்கும்.

இதைக் கண்டதும், 'ஆகவே வெளியூர்ப் பொருள் எதனையும் வாங்கற்க' என்று முடிவு கட்டுவது பொருந்தாது. நம் வட்டாரத்தில் தங்கிய ரூபாய் வேறொரு வட்டாரத்திற்குப் போகாமற்போன ரூபாயே. எல்லா ஊர்களும் இவ்வாறு கதவடைத்தால், வெளியூர்ச் சந்தையை நம்பியிருக்கும் நம் நெசவாளரே முதலில் பாதிக்கப்படுவர். ஏலக்காய்க்கோ உள்ளூரில் விற்பனையே போதாது. தரமும் விலையும் ஒத்திருக்கும்போது உள்ளூர்ப் பொருளை நாடுக என்பதே இக்கணக்கு தரும் நியாயமான படிப்பினை.

மூன்றாம் முறை: உள்ளீடு-வெளியீடு அட்டவணை

யார் யாரிடம் எவ்வளவு வாங்குகிறார் என்பதை ஒரே அட்டவணையில் வரைவது மூன்றாம் முறை. வாசிலி லியான்டிப் என்னும் அறிஞர் 1936இல் இதனைத் தொடங்கினார். 1973இல் இதற்காக நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் மத்தியப் புள்ளிவிவர நிறுவனம் 1968-69ஆம் ஆண்டுக்குரிய அட்டவணை முதலாகப் பல அட்டவணைகளை வெளியிட்டது.

ஒரு சிறு அட்டவணை அமைப்போம். உள்ளூரில் தங்கும் பகுதி மட்டும் கணக்கில் வருகிறது.

ஏலத்தோட்டம் பெறும் 100 ரூபாயில்: உள்ளூர்க் கடை, வண்டிகளுக்கு 20, குடும்பங்களுக்குக் கூலியாகவும் ஆதாயமாகவும் 50, வெளியே 30.
கடை, வண்டிகள் பெறும் 100 ரூபாயில்: மற்றக் கடை, வண்டிகளுக்கு 10, குடும்பங்களுக்கு 40, வெளியே 50.
குடும்பங்கள் பெறும் 100 ரூபாயில்: உள்ளூர்க் கடை, வண்டிகளுக்கு 30, சேமிப்பும் வெளியே செல்வதும் 70.

தோட்டம் 100 ரூபாய்க்கு அதிகமாக விற்கிறது. தொழில்களுக்கு இடையேயான கொள்முதலை மட்டும் எண்ணினால், கடை, வண்டிகளின் வரவு 22 ரூபாய் கூடுகிறது, பெருக்கி 1.22. குடும்பங்களின் செலவையும் சேர்த்துக்கொண்டால், கடை, வண்டிகளின் வரவு ஏறக்குறைய 45 ரூபாயும், குடும்பங்களின் வருமானம் 68 ரூபாயும் ஆகும். அப்போது விற்பனைப் பெருக்கி 1.45. தோட்டம் நேரே கொடுத்த 50 ரூபாய், சுற்றி வந்து 68 ஆனமையால் வருமானப் பெருக்கி 1.36. 100 ரூபாய் விற்பனைக்குக் குடும்ப வருமானம் எவ்வளவு என்று கேட்டாலோ விடை 0.68 மட்டுமே.

ஒரே அட்டவணையிலிருந்து 1.22, 1.45, 1.36, 0.68 என நான்கு எண்கள் பிறந்தன. நான்கும் சரியானவை, ஆயினும் பொருள் வேறு. விற்பனைப் பெருக்கியை வருமானப் பெருக்கிபோல் மேடையில் சொல்வது எளிது. 'எது எதனால் பெருகிற்று?' என்று அங்கத்தினர் கேட்பாராயின் பாதி மயக்கம் நீங்கும்.

இவ்வட்டவணை மற்றொரு வகையிலும் பயன்படும். குடும்பங்கள் உள்ளூரில் தங்கச் செலவிடும் தொகையை 30லிருந்து 40ஆக உயர்த்திக் கணக்கிட்டால், குடும்ப வருமானம் 68லிருந்து ஏறக்குறைய 72 ஆகிறது. தோட்டத்தில் ஒரு காய்கூட அதிகம் விளையாமலே, ஒவ்வொரு 100 ரூபாய் விற்பனைக்கும் ஏறக்குறைய 4 ரூபாய் கூடுகிறது.

இம்முறையின் குறை, அட்டவணையை உண்மையாக நிரப்புவதற்கு ஆகும் உழைப்பும் செலவும். அவ்வுழைப்பைத் தவிர்க்க, நாடு முழுவதற்குமான அட்டவணையை முதல் முறையில் கண்ட விகிதங்களால் மாவட்ட அளவுக்குச் சுருக்குகிறார்கள். அப்போது முதல் முறையின் குறைகளும் உடன் வந்துவிடுகின்றன. அட்டவணை பெரிதாக இருப்பதனால் விடை மெய்யாகிவிடாது.

நான்காம் முறை: விளைச்சலின் வரம்பை ஒப்புக்கொள்ளும் முறை

மேற்கூறிய மூன்று முறைகளும் ஒன்றை ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றன. பணம் வந்தால் பொருள் தானாகப் பெருகும் என்பதே அது. 1952இல் டாக்டர் வி. கே. ஆர். வி. ராவ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதனை மறுத்தார். நம்முடையதைப் போன்ற வேளாண் நாட்டில் நிலமும், நீரும், கருவிகளும் குறைவு. பணம் மிகுந்தால் விளைச்சல் உடனே மிகாது, விலையே ஏறும். கீன்ஸின் பெருக்கி இங்கு அவ்வாறே வேலை செய்யாது என்பது அவர் கருத்து.

ஏலக்காயில் இது கண்கூடு. இன்று நட்ட செடி காய்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். 2018 ஆகஸ்டு மாதப் பெருமழையும் வெள்ளமும் இடுக்கி மலைகளைத் தாக்கின. 2019 ஆகஸ்டு மாதத்தில் புற்றடி ஏல விற்பனையில் கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை விலை எழுந்தது. விலையை மட்டும் பார்த்து 1.45ஆல் பெருக்கினால் வட்டாரமே செழித்ததாகத் தோன்றும். ஆனால் காய் குறைந்தால் பறிக்கும் நாளும் குறையும். காய் கையிலிருந்தவருக்கு ஆதாயம். கூலியாளுக்கு வேலை நாள் இழப்பு. தோட்டக்காரரின் அதிக ஆதாயம் வங்கிக்கும், நகரத்து மனைக்கும் போகக்கூடும். கூலியாளின் ரூபாயோ அன்று மாலையே பக்கத்துக் கடைக்கு வரும். இருவருடைய ரூபாய்க்கும் ஒரே பெருக்கி பொருந்தாது.

இவ்வரம்பை ஏற்று அமைந்த முறையில், விளைச்சல் உடனே பெருக முடியாத பொருள்களையும், வெளிச்சந்தை விலைக்குக் கட்டுப்பட்ட பொருள்களையும் தனியே நிறுத்துகிறார்கள். தேவை மிகுந்தால் உள்ளூரிலேயே பெருகக்கூடிய தையல், வண்டிப் போக்குவரத்து, சிற்றுண்டி, கட்டட வேலை முதலியவற்றின் வழியாக மட்டும் பெருக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். மலேசியாவின் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தை இம்முறையில் ஆராய்ந்து 1982இல் வெளியிட்ட நூலில், திட்டத்தால் நேரே விளைந்த ஒவ்வொரு வெள்ளிக்கும் மறைமுகமாக மேலும் ஏறக்குறைய 83 காசு விளைந்ததாகக் கண்டனர்.

நம் மாநிலத்திற்கே உரிய ஆராய்ச்சி வட ஆர்க்காட்டில் நடந்தது. உயர்விளைச்சல் நெல் வகைகளின் பயனை அறிய, 1970களிலும் 1980களிலும் எடுத்த கிராம ஆய்வுகளை வைத்து, பீட்டர் ஹேசலும் சி. இராமசாமியும் 1991இல் நூல் வெளியிட்டனர். வேளாண்மையில் 1 ரூபாய் வருமானம் கூடினால் வட்டாரத்தின் பிற தொழில்களில் ஏறக்குறைய 87 காசு கூடுகிறது என்பது அவ்வாராய்ச்சியின் முடிவு. அவ்வருமானம் பெரும்பாலும் உழவர் குடும்பங்களின் அன்றாடச் செலவு வழியாகவே பரவிற்று.

ஆனால் அதே பகுதியில் ஆரணிச் சந்தையை ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ் என்னும் அறிஞர், 1987இல் இத்தகைய கணக்குகளை வினாவுக்குட்படுத்தினார். ஆரணிப் பட்டு நெசவை எண்ணிப் பார்த்தால் அவ்வினாவின் நியாயம் புலப்படும். பட்டுச் சேலை தொலைதூர நகரங்களில் விற்பது. அதன் வளர்ச்சி பக்கத்து வயலின் நெல்லால் வந்ததன்று. இரண்டு தொழில்கள் ஒரே காலத்தில் வளர்ந்தன என்பதனால் ஒன்று மற்றொன்றை வளர்த்தது என்று கொள்ளலாகாது. நெசவாள அங்கத்தினர் இவ்விவாதத்தைச் சிறப்பாக மனத்திற்கொள்ள வேண்டும்.

எல்லையை எங்கே வரைவது?

எம்முறையைக் கொண்டாலும் முதலில் வட்டாரத்தின் எல்லையை வரைய வேண்டும். போடியை மட்டும் வட்டாரமாகக் கொண்டால், காய் பறிப்பவரின் கூலி வெளியிலிருந்து வந்த பணம். இடுக்கியை மட்டும் கொண்டால், ஜீப் மலையிறங்கியதும் அதே கூலி கசிவு. இரண்டையும் ஒரே வட்டாரமாகக் கொண்டால், அக்கூலி உள்ளுக்குள்ளே கைமாறும் பணம். வெளிவரவு என்பது தொலைதூர வாணிகர் ஏலக்காய்க்குக் கொடுக்கும் விலையே. எல்லை அகல அகலக் கசிவு குறையும், பெருக்கி உயரும். ஆயினும் யார் கைக்கும் ஒரு காசும் அதிகம் வந்ததில்லை. ஆகவே, ஓர் ஊருக்குக் கண்ட பெருக்கியை மாவட்டத்துக்கோ, மாவட்டத்தின் பெருக்கியை ஊருக்கோ எடுத்தாளுதல் பிழை.

மாவட்டப் புள்ளிவிவரங்கள் மாநில எல்லையோடு நின்றுவிடுவதால், தேனியின் கணக்கில் தோட்டம் இல்லை. இடுக்கியின் கணக்கில் கூலியின் செலவு இல்லை. 2020 மார்ச்சு மாதத்தில் நோய்த்தொற்றால் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, மாநில எல்லை அடைபட்டு, ஏல விற்பனையும் நின்றபோதுதான் இவ்விரு பகுதிகளும் ஒரே பொருளாதாரம் என்பது அனைவருக்கும் விளங்கிற்று. மேலே காய் பறிக்க ஆளில்லை. கீழே கைக்குக் கூலியில்லை.

இருப்புப்பாதையையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். 1928இல் திறக்கப்பட்ட மதுரை - போடி இருப்புப்பாதை, அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டு, 2023 ஜூன் மாதத்தில் மீண்டும் போடி வரை இயங்கலாயிற்று. இரயில் வந்தால் சரக்கும் வாணிகரும் எளிதில் வருவர், இது வரவு. அதே இரயிலில் ஏறிக் குடும்பங்கள் மதுரைக்குச் சென்று துணியெடுக்கவும் கூடும், இது கசிவு. வரவை மட்டும் பெருக்கிக் காட்டி, கசிவு விகிதம் பழையபடியே இருக்கும் என்று கொள்ளும் கணக்கு அரைக் கணக்கே.

எம்முறையை எப்போது கொள்வது?

விரைவாக ஒரு மேல்வரம்பை அறிய வேண்டுமாயின் முதல் முறை போதும். அதில் வரும் எண்ணுக்கு மேல் பலன் இராது என்று மட்டும் கொள்க. சங்கம் ஒன்று தன் அளவில் முடிவெடுக்க இரண்டாம் முறையே ஏற்றது. செலவும் குறைவு, உண்மைக்கும் அண்மையது. எத்தொழிலை ஊக்கினால் எத்தொழில் பயன்பெறும் என்று அறிய மூன்றாம் முறை வேண்டும். அதன் உள்ளூர்ப் பங்குகள் நேரில் கேட்டறிந்தவையா என்று வினவுக. பல ஆண்டுகள் நீடிக்கும் பெருந்திட்டமாயின் நான்காம் முறையே தக்கது. அதிலும் நிலமும் ஆளும் எங்கே முட்டுப்படும் என்பது தனியே காட்டப்பட வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்க ஒரு கணக்கு

இரண்டாம் முறையை எந்தச் சங்கமும் தானே செய்யலாம். விளைவிப்போரில் 15 குடும்பங்களையும், நெய்வோரில் 15 குடும்பங்களையும் தேர்ந்து, பறிப்புக் காலத்தில் ஒரு மாதமும் வேலை குறைந்த கோடையில் ஒரு மாதமும் செலவு எழுதச் செய்க. குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போதும்: வெளியூரில் செலவிட்டது, உள்ளூரில் வெளியூர்ப் பொருளுக்குச் செலவிட்டது, உள்ளூரில் உள்ளூர் உழைப்புக்கும் பொருளுக்கும் செலவிட்டது. இரண்டாம் பத்தியில் கடைக்காரரின் ஆதாயப் பங்கை மட்டும், கடைக்காரரையே கேட்டறிந்து, மூன்றாம் பத்தியோடு சேர்க்க. அதுவே தங்கும் பங்கு. 100லிருந்து அதனைக் கழித்து, வந்த எண்ணால் 100ஐ வகுத்தால் பெருக்கி கிடைக்கும்.

விடை 1.3 என்றோ 1.4 என்றோ வந்தால் அங்கத்தினர்கள் மனம் தளர வேண்டியதில்லை. சிறு வட்டாரங்களின் இயல்பு அது. சிறிய எண்ணை உண்மையாக அறிந்த சங்கம், பெரிய எண்ணை நம்பிக் கடன்படாது. மேலும், எந்தப் பத்தியில் பணம் மிகுதியாகப் போகிறது என்று குறிப்பேடே காட்டிவிடும். உரமா, சாக்கா, துணியா, கடன் வட்டியா என்பது தெரிந்தால், கூட்டுறவு முறையில் எதனை மேற்கொள்ளலாம் என்பதும் தெரியும்.

பயிற்சி வினாக்கள்

1. உள்ளூரில் தங்கும் பங்கு 100க்கு 20 ஆயின் பெருக்கி யாது? 40 ஆயின் யாது?
2. நம் வட்டாரத்தில் வரவும் போக்கும் ஒருங்கே உள்ள பொருள்கள் யாவை? முதல் முறையில் அவை எவ்வாறு மறைகின்றன?
3. ஏலக்காயின் விலை இருமடங்காகி விளைச்சல் பாதியானால், தோட்டக்காரர், கூலியாள், ஜீப் ஓட்டி ஆகியோரின் வருமானம் எவ்வாறு மாறும்?
4. ஓர் அறிக்கை பெருக்கி 3 என்று கூறுகிறது. பொதுக்குழுவில் நீங்கள் கேட்க வேண்டிய மூன்று வினாக்களை எழுதுக.
5. சங்கத்தின் சென்ற ஆண்டுச் செலவுக் கணக்கை எடுத்து, மேற்கூறிய மூன்று பத்திகளாகப் பிரித்து, அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் படித்துக் காட்டுக.